எழுத்தைக் கீழே பார்க்கப் போட்ட கல்

அன்புள்ள கார்த்தி,

நேற்று நீ போனை வைத்த பிறகு நான் காபி போட்டேன், குடிக்க முடியவில்லை. கொல்லைப் பக்கத்து ஜன்னலை மூடி வைத்திருந்தும் செப்டிக் டாங்க் வாடை வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஆனால் குடிக்க முடியாமல் போனது அதனால் மட்டும் இல்லை. "முப்பது வருஷம் சும்மா இருந்தல்லம்மா, இன்னும் மூணு மாசம் சும்மா இரு" என்றாயே, அந்த வாக்கியத்தாலும்தான். நித்யாவோடு கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள் இருக்கும் பிள்ளையிடம் அம்மா இப்படியா பேசுவாள் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், நானும் பாதியில் அழுது தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை நம் நகர் சங்கத்தின் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப் போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "அம்மா கவர்ன்மெண்ட் ஆபீஸ்" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாய். நான் கல்வெட்டுகளை மைப்படி எடுக்கிறவள். கல்லைத் தேங்காய் நார் வைத்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்க வேண்டும். அரை ஈரமாகக் காய்ந்ததும் மை தொட்ட பஞ்சுப் பொதியால் ஒற்றினால் கல்லின் மேல்பரப்பு முழுக்கக் கறுப்பாகும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். வெயிலில், வௌவால் புழுக்கை நடுவில், கோயில் கோயிலாக ஏணியில் தொங்கிக்கொண்டு நான் செய்த வேலை அது. கை நிறைய மை படிந்துதான் உன்னைத் தூக்கி வளர்த்தேன். வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தவள் என்று ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நான் ஒரு நாள்கூடப் போட்டுக்கொண்டதில்லை. அதற்குக் காரணம் கேட்பாயே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாடம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி மனை போட்டபோது நானும் உன் அப்பாவும் இந்த இடத்தைப் பார்க்க வந்தோம். அப்பா தாம்பரத்தில் ரயில்வே ஆபீஸிலிருந்து நேராக சைக்கிளில் வந்துவிட்டார். நான் பஸ் இறங்கிச் சேற்றில் நடந்து வந்தேன். மனைக்கல் நட்டிருந்த இடத்துக்குப் பின்னால் முள்செடிக்குள் ஒரு இடிபாடு. ஊர்க்காரர்கள் அதை மொட்டைக் கோயில் என்றார்கள். எனக்குப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கீழே கருங்கல் அடித்தளம். முதலில் பட்டையான கல் வரிசை, அதன்மேல் மூன்று பட்டை தீர்த்த வரிசை, அதன்மேல் உள்வாங்கிய கழுத்து, பிறகு வெளியே நீண்ட பட்டிகை. எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. மேலே சுவரெல்லாம் செங்கல், உள்ளங்கை இரண்டு சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு அகலச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. பின்பக்கம் நேராக முடியாமல் படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருந்தது. உள்ளே தாமரை இதழ் செதுக்கிய பீடம் ஒன்று, மேலே ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தவரை எந்தக் காலத்திலோ யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாசலில் ஒரு பலகைக் கல், என் இடுப்பு உயரம், முகம் முழுக்க எழுத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காகிதமும் மையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அந்தக் கல்லைப் படி எடுத்தேன். எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் ஆயிரம் வருஷம் இருக்கும். இந்த ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தை இங்கிருந்த புத்தப் பள்ளிக்கு, அதாவது பிக்குகள் தங்கிய விகாரைக்கு, சாத்தன் நங்கை என்கிற பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிக்கு சங்கத்தார் அமுது செய்யவும், ஒரு விளக்கு எரியவும். நான்கு எல்லையும் சொல்லியிருக்கிறாள். கிழக்கே ஏரிக்கரை, தெற்கே மதகுக் கால்வாய், மேற்கே பெருவழி, வடக்கே ஒரு பாறை. அந்தப் பாறையின் மேல்தான் இப்போது நம் நகரின் தண்ணீர் டேங்க் நிற்கிறது. கடைசி வரி மற்றக் கல்வெட்டுகளில் நான் நூறு முறை பார்த்திருக்கிற வரிதான். "இத்தன்மம் காத்தான் ஸ்ரீபாதம் என் தலை மேலது." இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவன் யாராக இருந்தாலும் அவன் காலை என் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அன்று அதைப் படித்துவிட்டு, யாருமில்லாத அந்த முள்காட்டில் நான் என் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது. என் காலுக்குத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், கார்த்தி. அதை இன்று நினைத்தால் என் காலை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

மறுநாள் காலை அந்தப் படியை ஆபீஸில் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால் மேலிடத்துக்குக் கடிதம் போகும், கலெக்டர் ஆபீஸுக்குப் போகும், மனைப் பதிவு நிற்கும். நாங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். நீ என் வயிற்றில் ஐந்து மாதம். மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறை, பொதுக் கக்கூஸ், காலையில் பக்கெட்டோடு வரிசை. உன் அப்பா, "ஒரு வாரம் பொறுத்துக்கோ, பத்திரம் ஆகட்டும், அப்புறம் குடு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது ஒரு காகிதம். அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பத்திரம் ஆனதும் லோன் கிடைக்கட்டும் என்று நானே சொன்னேன். லோன் கிடைத்ததும் அஸ்திவாரம் போடட்டும் என்றேன். உனக்கு இந்த வயதில் நான் ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். வேண்டாம் என்று மனசு சொல்கிற காரியத்துக்கு ஒரு வாரம் தவணை கேட்காதே. அந்த ஒரு வாரம் முடியவே முடியாது.

அதற்குள் மனை போட்டவன் மிஷின் விட்டு மொட்டைக் கோயிலைப் பிரித்துவிட்டான். கருங்கல்லை வீடு கட்டுகிறவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றான். எல்லோரும் எடுத்தோம். படித்தவர்கள், வாத்தியார், பேங்க் ஆபீசர், நான். பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பு விடுகிற மேடை இருக்கிறதே, அது அந்தப் பட்டிகைக் கல். சங்கச் செயலாளர் வீட்டுப் போர்ட்டிகோவில் முதல் படி, தாமரைப் பீடத்தில் பாதி. அதன்மேல்தான் அவர் காருக்கு ஷாம்பு போடுகிறார். நீ பந்து பொறுக்க ஏறிக் குதிப்பாயே, அந்தப் பம்ப் ரூமுக்கு அடியில் மூன்று பட்டைக் கல் வரிசையாக இருக்கிறது. இத்தனையும் தெரிந்துகொண்டு முப்பது வருஷமாகச் சங்கக் கூட்டத்தில் அவர்களோடு உட்கார்ந்து சமோசா சாப்பிட்டிருக்கிறேன்.

நம் வீட்டுக்கு வந்த கல்லைச் சொல்கிறேன். ஏகாம்பரம் மேஸ்திரி நல்ல வேலைக்காரர். ஒரு நாள் காலையில் நான் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தபோது கூப்பிட்டார்.

"மேடம், செப்டிக் டாங்கு மூட ஒரு ஷோக்கான கல்லு கெடச்சிச்சி. சிலாப் செலவு மிச்சம். ஆனா எழுத்து கீது அதுல. மேல பாக்கப் போடவா, கீழ பாக்கப் போடவா?"

அந்தப் பலகைக் கல்தான். மணலில் சாய்த்து வைத்திருந்தார். காலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகத் தெரிந்தது. மேலே பார்க்கப் போட்டால் ஆபீஸிலிருந்து கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் படித்துவிடுவார்கள். என் மூளை அவ்வளவு வேகமாக அதற்கு முன்பும் வேலை செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை.

"கீழ பாக்கப் போடுங்க" என்றேன்.

"சாமி எழுத்தா இருந்தா தப்பில்லியா மேடம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஏதோ பழைய கல்லு."

 படித்த அம்மா சொல்கிறாள், தெரிந்துதான் சொல்வாள் என்று நம்பிவிட்டார். காற்றுக் குழாய் செருகக் கல்லின் நடுவில் உளி வைத்து ஓட்டை போட்டார். நான் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வரியில் உளி விழுகிறது என்றுகூட எனக்குத் தெரியும். மூன்றாவது வரி, அவள் பெயர் இருக்கும் இடம். எழுந்து போய் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்காரி, எழுந்திருக்க அலுப்பாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் எனக்கு அதைப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நம் குடும்பம் அந்தக் கல்லுக்கு என்ன செய்தது என்று சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் மலமும் மூத்திரமும் கிளப்பிய ஆவியை அந்த எழுத்து முப்பது வருஷம் முகத்தில் வாங்கியது. பிக்குகளின் சோற்றுக்கு நிலம் கொடுத்தவள் எழுதி வைத்த கல் அது. மேலே முதுகுப் பக்கத்தில் நான் நின்று துணி காயப் போட்டேன். நீ அதில் கரி வைத்து ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடினாய். உன் முதல் பிறந்த நாளுக்குச் சமையல்காரர்கள் அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வடாம் காய வைத்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் உங்கள் ஊர் வரலாறு என்று ஒரு புராஜெக்ட் கொண்டு வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, நம்ம ஏரியால பழசா என்ன இருக்கு?" என்று கேட்டாய். நான் உன்னை மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். விமானத்தின் பின்பக்கம் யானை முதுகு போல வளைந்திருப்பதைக் காட்டினேன். தூங்கானை மாடம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தேன். நீ சார்ட் பேப்பரில் அழகாக வரைந்தாய், முதல் பரிசு வாங்கினாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இதை விட்டா இங்க வேற ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்ல, எல்லாம் வயக்காடுதான்" என்றேன். அன்று ராத்திரி நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று நீ எதையும் லேசாகத் தள்ளிவிடுகிறாய் என்று எனக்குக் கோபம் வருகிறது. அந்த வித்தையை உனக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று யோசித்தால் கோபம் திரும்பி வந்து என் மேலேயே விழுகிறது.

இந்தக் கார்த்திகை மழையில் டாங்க் நிரம்பிப் பாத்ரூமுக்குள் எதிர்த்து வந்தது. உன்னிடம் போனில் சொன்னேன், "லாரிக்கு சொல்லும்மா, எப்படியும் இடிச்சு ஃப்ளாட் கட்டக் குடுக்கப் போற வீடு" என்றாய். லாரி வந்தது. முனுசாமி என்கிறவரும் இன்னொருவரும் கடப்பாரை போட்டு நெம்பியதில் கல் புரண்டு முகம் மேலே வந்து விழுந்தது. கறுப்பாக ஒரு விரல் கனத்துக்குப் பிசுக்கு. நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்றேன். முனுசாமி கல்மேல் ஏறி நின்று குழாயை உள்ளே விட்டார். வழுக்கியதால் காலடியில் கல்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்.

"யம்மா, இன்னாமோ எழுதிகீது பாரு. கோயில் கல்லா இது?"

"ஆமா" என்றேன்.

அவர் உடனே இறங்கிவிட்டார். ரப்பர் பூட்ஸைக் கழற்றித் தள்ளி வைத்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு மெறிச்சிகினு நிக்கிறேன். இத்தப் போயி இங்க எவன் போட்டான்?"

"மேஸ்திரி போட்டுட்டாரு" என்றேன்.

பார், கார்த்தி. அறுபது வயது தாண்டிவிட்டது, உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், மிரட்ட யாரும் இல்லை, ஆனாலும் அந்தப் பொய் கூப்பிடாமலே வந்தது. ஏகாம்பரம் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வேலை முடிந்ததும் கல்லைத் திரும்ப மூடச் சொன்னேன். முனுசாமி முடியாது என்றார். "நான் இத்த மூட மாட்டேன்மா. வேற சிலாப் வாங்கிப் போட்டுக்கோ. எனுக்கு இந்த வேலதான் சோறு, ஆனா இது வேற." அவரும் கூட வந்தவரும் கல்லைத் தூக்கி வேப்பமரத்தடியில் சாய்த்துவிட்டு, குழிமேல் தகர ஷீட் ஒன்றைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். ஷீட் சரியாக மூடவில்லை, வீட்டுக்குள் வரும் வாடை அதுதான். தினமும் அந்த நாற்றத்துக்குள் இறங்குகிறவருக்கு இது வேற என்று சட்டென்று தெரிந்தது, சால்வை வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் நான் கையாலேயே அந்தக் கல்லைக் கழுவினேன். தேங்காய் நாரும் வெந்நீரும். வேலைக்காரி கிட்டேயே வர மாட்டேன் என்றாள், அவள் சொன்னது நியாயம். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். நான்காம் நாள் காகிதம் வாங்கி வந்து படி எடுத்தேன். கை வேலையை மறக்கவில்லை. பிறகு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து பழைய படியை எடுத்து, இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். கருங்கல் கெட்டி, எழுத்து பெரும்பாலும் நிற்கிறது. புதிய படியில் மூன்றாவது வரியில் மட்டும், ஓட்டை போட்ட இடத்தில், ஒரு பெரிய வெள்ளை வட்டம். சாத்தன் நங்கை என்கிற பெயர் இப்போது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, நான் திருடி வைத்த அந்தத் தாளில்.

அதைத்தான் நேற்று போனில், நான் முழுசாகச் சொல்லும் முன்பே, நீ கிழிக்கச் சொன்னாய். "அம்மா, ப்ளீஸ், டிராமா பண்ணாத. அது ஒரு பேப்பர். கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு. தை முடியறதுக்குள்ள நீ அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டாதான் பில்டர் வேலைய ஆரம்பிப்பாங்க. நித்யா வீட்டுல எல்லாம் சொல்லியாச்சு." நீ அனுப்பிய பிரௌச்சரையும் பார்த்தேன். நாலு மாடி, வாசலில் நீரூற்று, நடுவில் கண்ணை மூடிய புத்தர் தலை, உச்சந்தலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. போன தீபாவளிக்கு நீயும் ஒரு ஃபைபர் தலை வாங்கி வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாய், பாசிட்டிவ் வைப்ஸ் என்றாய். கழுத்துக்குக் கீழே உடம்பு எங்கே என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அவருடைய வீட்டை இடித்துப் படிக்கட்டும் கக்கூஸ் மூடியும் செய்துகொண்டு, தலையை மட்டும் கடையில் வாங்கி ஷோகேஸில் வைக்கிறோம். நேற்று அதை எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை.

வேப்பமரத்தடிக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு செயலாளர் சாரும் வந்தார். "மேடம், நீங்க ரிடையர் ஆயிட்டீங்க. எதுக்கு இந்த பேஜார்? ஆராய்ச்சின்னு வந்தாங்கன்னா எல்லார் பட்டாவுலயும் கை வைப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். பயம் அவருக்கு நியாயம்தான், வீடு எல்லோருக்கும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நான் அவர் போர்ட்டிகோப் படியைப் பற்றிக் கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால்தான் நோட்டீஸ் போர்டு. யார் வீட்டில் என்ன கல் என்று நான் இதில் எழுதியது எனக்குத் தெரிந்த மட்டும். மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு அடியில் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, இரண்டு படியையும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, என் பழைய ஆபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டேன். நடந்ததை என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அங்கே இருந்த பெண் உன் வயசுதான் இருப்பாள். பழைய தாளை விரித்து நெடுநேரம் பார்த்தாள். "இத்தனை வருஷம் இது எங்கம்மா இருந்தது?" என்றாள். பட்டுப் புடவைக்கு அடியில் என்று சொன்னேன். அவள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். அந்த முகம் நான் சம்பாதித்தது, வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆட்களோடு வருகிறாள். என்மேல் நடவடிக்கை வரலாம், பென்ஷன் நிற்கலாம், வீட்டை விற்கவோ இடிக்கவோ முடியாமலும் போகலாம். அக்ரிமெண்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ கிழிக்கச் சொன்ன தாள் இப்போது என்னிடம் இல்லை.

நீ கோபப்படுவாய், நித்யாவின் அப்பா அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பாய். இந்தக் கடிதத்தையே கொடு. கல்யாணத்துக்கு வா என்று நீ சொன்னால் வருவேன், வேண்டாம் என்றால் வீட்டிலிருந்தே வாழ்த்துவேன், உன்மேல் எனக்குள்ள பிரியம் ஒரு துளியும் குறையாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாலி கட்டி முடித்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்கள் காலில் விழச் சொல்வார்கள். நீங்கள் இரண்டு பேரும் என் காலில் விழ வேண்டாம். ஒருத்தி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் காலுக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான் அதை ஏறி மிதித்துத் துணி காயப் போட்டேன்.

உன் அம்மா